விரும்பி வாசித்தலும் விதித்து வாசித்தலும்

‘படி’ என ஓர் ஆசிரியர் தம் மாணாக்கனுக்குக் கட்டளையிடலாம். அக்கட்டளை நிறைவேறியதா என்பதைச் சோதித்தறியவும் அவரால் இயலும். ‘விரும்பிப் படி’ என அவர் கட்டளையிடுவாராயின் நிலைமை வேறாகிவிடுகின்றது. மாணாக்கன் நூலைத் திறப்பான், பக்கங்களைப் புரட்டுவான், கேட்ட வினாவுக்கு விடையும் கூறுவான். எனினும் கட்டளையின் ஒரு பாதி நிறைவேறியதா என்பதை ஆசிரியர் அறியார். சில வேளைகளில் மாணாக்கனும் அறியான். விருப்பம் ஏவலுக்கு உட்படுவதில்லை. ஏவப்பட்ட கணத்திலேயே அது கீழ்ப்படிவாக மாறிவிடுகின்றது. ஆங்கிலம் கற்கும் மேல்வகுப்பு மாணவர் பாடநூலுக்கு அப்பாலும் நூல்களைத் தாமாகவே, இன்பத்தின்பொருட்டு, வாசித்தல் வேண்டுமெனக் கல்வியாளர் பலரும் வற்புறுத்துகின்றனர். வற்புறுத்தல் என்னும் அச்சொல்லிலேயே சிக்கல் தொடங்கிவிடுகின்றது. பிறனொருவனது இன்பத்துக்கு ஒருவர் பொறுப்பேற்க முடியுமா, முடியுமாயின் எவ்வளவுக்கு என்னும் வினா கற்பித்தல் முறையோடு முடிந்துவிடுவதன்று. அது அறவியலையும் சார்ந்தது.

இவ்வினாவை அந்தரத்தில் வைத்து ஆராய்வதிலும் ஓர் ஊரில் வைத்து ஆராய்வது பயனுடையது. திருகோணமலையிலிருந்து ஹபரணை செல்லும் வீதியில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது கந்தளாய். அதன் பெருங்குளத்தை வரலாற்றாசிரியர் ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனோடு தொடர்புபடுத்துவர். தமிழ் மரபோ குளக்கோட்டனோடு தொடர்புபடுத்தும். குளத்தை நம்பிய வயல்களும், குடியேற்றத் திட்டத்தின் கீழ் வெளியிடங்களிலிருந்து வந்து காணி பெற்ற குடும்பங்களும், ஒரு காலத்திற் கரும்புச் செய்கையும் சீனித் தொழிற்சாலையும் அவ்வூரின் வாழ்வை உருவாக்கின. 1986 ஏப்பிரல் 20 ஆம் நாள் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட துயரமும் அவ்வூர் நினைவில் உண்டு. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் வாழும் அங்கு சந்தையிலும் பேருந்திலும் கேட்பன சிங்களமும் தமிழுமே. தேவை நேருமிடத்து ஒருவர் மொழியை மற்றவர் பேசிச் சமாளித்துக்கொள்வர். 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியென்கின்றது. கந்தளாய்ச் சந்தையில் மரக்கறி வாங்குவோரை அது இணைப்பதாகத் தெரியவில்லை.

இத்தகைய ஊரில் ஒரு மாணவனோடு ஆங்கிலத்தில் நீடித்துப் பேசக்கூடியது எது? அம்மொழியை இல்லமொழியாகக் கொண்டோர் அங்கு அரியர். மருந்துப் போத்தலிலும் பெயர்ப்பலகையிலும் கைத்தொலைபேசித் திரையிலும் ஆங்கிலச் சொற்கள் தென்படுகின்றன; அவை சொற்களேயன்றிப் பேச்சாகா. ஒரு மணி நேரம் ஒருவனோடு கூட இருந்து, தொடங்கியதை முடிக்கும்வரை சலியாது பேசும் ஆங்கிலம் பெரும்பாலும் நூலிலேயே கிடைக்கும். கொழும்பில் வசதிபடைத்த இல்லத்துப் பிள்ளைக்கு ஆங்கிலக் கதைநூல் மேலதிகமானதொரு பொருள். கந்தளாய்ப் பிள்ளைக்கோ அதுவே அம்மொழி பேசும் ஒரேயோர் அயலவர். இன்பத்துக்காக வாசித்தல் நகரத்தாருக்குரிய சொகுசு, கிராமத்துப் பிள்ளைக்கு இலக்கணப் பயிற்சியே போதும் என்று கருதுவோர் நிலைமையைத் தலைகீழாக நோக்குகின்றனர்.

அவ்வயலவரை அணுகவொட்டாது அச்சம் தடுக்கின்றது. இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என வழங்கியமை பலரும் அறிந்தது. கடுவ என்பதற்கு வாள் என்று பொருள். அவ்வாளை ஏந்தியோர் ஏந்தாதோரைப் பிழை சொல்லியே வெட்டுவர். உச்சரிப்பிற் பிழை, காலங்காட்டும் வினைச்சொல்லிற் பிழை, ஈற்றில் அவ்வாறு பேசும் குடும்பத்திற் பிறந்ததே பிழை. தமிழ் மாணவரிடையே அச்சொல் வழங்காவிடினும் அவ்வுணர்வு வழங்குகின்றது. வகுப்பில் எழுந்து நின்று ஒரு வாக்கியம் வாசிக்கும்படி பணிக்கப்பட்ட பதினைந்து வயது மாணவனின் குரல் தாழ்வதைக் கண்டோர் இதனை உணர்வர். நூலோடு தனித்திருக்கும் வேளையில் மட்டும் அந்த வாள் உறையிற் கிடக்கின்றது. நூல் எவரையும் திருத்துவதில்லை. ஒரு பந்தியைத் தவறாக விளங்கிக்கொண்டவனைப் பார்த்து அது நகைப்பதுமில்லை. அடுத்த பந்தியில் அவனாகவே தன் தவற்றைக் கண்டுகொள்ளும்வரை பொறுத்திருக்கின்றது.

மூன்றாம் தரம் தொடங்கிப் பதினோராந் தரம் வரை ஒன்பது ஆண்டுகள் ஒவ்வொரு மாணவனும் ஆங்கிலம் கற்கின்றான். 1980 ஆம் ஆண்டு முதல் அரசு பாடநூல்களை இலவசமாக வழங்கிவருகின்றது. ஏழைப் பிள்ளையின் கையிலும் ஓர் ஆங்கில நூல் இருக்கச் செய்த இவ்வேற்பாட்டின் பெருமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அந்நூலின் ஒவ்வொரு பந்தியின் கீழும் வினாக்கள் வரிசையாக நிற்கின்றன. கதையொன்று வந்தாலும் அதன் முடிவில் என்ன நிகழ்ந்தது என்பதிலும் முடிவின்பின் என்ன கேட்கப்படும் என்பதிலேயே மாணவனது மனம் செல்கின்றது. வினாத்தாளுக்காகவே பிறந்த கதையைக் கதையென வாசிக்க எவராலும் இயலாது. ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்றும் ஆங்கிலக் கதைநூலொன்றையேனும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்திராத மாணவர் இருப்பது இதனால் வியப்புக்குரியதன்று.

விதித்து வாசிக்கச் செய்வதன் எல்லையை அறிய விரும்புவோர் ஜோன் ஸ்டூவர்ட் மில்லின் இளமையை நோக்குதல் தகும். அவர் இறந்த 1873 ஆம் ஆண்டிலே வெளிவந்த அவரது தன்வரலாறு கல்வி பற்றிச் சிந்திப்போர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய ஓர் ஆவணமாகும். தந்தையார் ஜேம்ஸ் மில் மகனுக்கு மூன்று வயதிற் கிரேக்கமும் எட்டு வயதில் இலத்தீனும் கற்பிக்கத் தொடங்கினார். காலையில் இருவரும் உலாவச் செல்லும்போது, முதல் நாள் வாசித்த வரலாற்று நூல்களின் சாரத்தைச் சிறு தாள்களிற் குறித்துவைத்த குறிப்புகளின் துணையோடு மகன் தந்தைக்கு ஒப்புவித்தல் வழக்கம். சிறுவருக்குரிய வேடிக்கை நூல்கள் அவ்வில்லத்தில் மிகச் சிலவே இருந்தன. அவற்றுள் ரொபின்சன் குரூசோவே தமக்கு மிகவும் உவப்பானது என மில் நினைவுகூர்ந்துள்ளார். கொடுமையான தந்தையென்று ஜேம்ஸ் மில்லை ஒதுக்கிவிடுதல் எளிது, அது நியாயமாகாது. மகன் அக்கல்வியாற் பெரும்பயன் பெற்றார் என்பதும், உலாக்களில் ஒப்புவித்த வரலாறுகளுட் சிலவற்றை அவர் விரும்பியே வாசித்தார் என்பதும் அவர் வாயாலேயே அறியக்கிடக்கின்றன.

எனினும் 1826 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், தம் இருபதாம் வயதில், மில் பெருஞ்சோர்வுக்கு ஆளானார். தாம் வாழ்நாள் முழுதும் உழைக்க எண்ணிய சீர்திருத்தங்கள் அனைத்தும் இக்கணமே நிறைவேறிவிட்டால் தமக்கு மகிழ்ச்சியுண்டாகுமா எனத் தம்மையே வினவி, உண்டாகாது என்ற விடையைத் தம்முள்ளே கேட்டார். உலகின் மிகச் சிறந்த நூல்களையெல்லாம் கற்றிருந்த அவ்விளைஞரை அந்நூல்கள் தேற்றவில்லை. மார்மொந்தெல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக்குறிப்புகளைத் தற்செயலாக வாசித்தபோது, தந்தையை இழந்த சிறுவனொருவன் தன் குடும்பத்துக்குத் தானே எல்லாமாயிருப்பேன் எனத் துணியும் இடத்தில் அவருக்குக் கண்ணீர் பெருகிற்று. சுமை அன்று முதல் இலேசாயிற்று. 1828 இல் வேட்ஸ்வேர்த்தின் கவிதைகள் அவரை மேலும் ஆற்றின. மார்மொந்தெல்லை வாசிக்கும்படி எவரும் அவரைப் பணிக்கவில்லை; மறுநாட் காலையில் எவருக்கும் அதனை ஒப்புவிக்கவேண்டியும் இருக்கவில்லை. இன்பத்தை நேரடி இலக்காகக் கொள்வோருக்கு அது கிட்டுவதில்லை, வேறொன்றைப் பற்றிச் செல்லுகையிலேயே அது வழியில் வந்துசேரும் என்ற முடிவுக்கு மில் வந்தது இவ்வனுபவத்தின் பின்னரேயாகும். ஒரு செயல் செவ்வனே நிகழும்போது அதன்மீது மலர்ச்சி போலத் தோன்றுவதே இன்பம் என்ற அரிஸ்டோட்டிலின் கருத்தும் இதனோடு ஒத்துச் செல்வது.

இக்காலப் பாடசாலைகளில் ஜேம்ஸ் மில்லின் காலை உலாவுக்கு நிகரானது வாசிப்புக் குறிப்பேடு. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், கதைச் சுருக்கம், பெற்ற படிப்பினை என நிரல்கள் கீறி, மாதமொன்றுக்கு இத்தனை நூல் என மாணவர் நிரப்புகின்றனர். பின்னட்டையிலுள்ள விளம்பர வாசகம் சுருக்கமாகின்றது. நண்பனது ஏடு மற்றொரு சுருக்கமாகின்றது. வாசியாமலே வாசித்ததாகக் காட்டும் திறமையை இவ்வாறு பாடசாலையே பயிற்றுவிக்கின்றது. அதிகம் நிரப்பியவருக்குப் பரிசும் வழங்குகின்றது. பரிசு பற்றி ஒரு சோதனையின் முடிவு இங்கு நோக்கத்தக்கது. 1973 ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வில், லெப்பர், கிறீன், நிஸ்பெற் என்னும் உளவியலாளர் மூவர், தாமாகவே ஆர்வத்தோடு சித்திரந் தீட்டும் பாலர் பாடசாலைச் சிறுவர் சிலருக்கு, தீட்டினால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே கூறித் தீட்டச் செய்தனர். சில நாட்களின் பின் அவர்களை விருப்பப்படி விளையாடவிட்டபோது, பரிசு கூறப்படாத சிறுவரிலும் இவர்கள் சித்திரத்தை நாடியது குறைவாகவே இருந்தது. எதிர்பாராமற் பரிசு பெற்றோரிடம் அக்குறைவு காணப்படவில்லை. விலை பேசப்பட்டதும் விளையாட்டு வேலையாயிற்று. ஒக்டோபர் தோறும் தேசிய வாசிப்பு மாதத்தைப் போட்டிகளாலும் பதாகைகளாலும் கொண்டாடுவோர் இம்முடிவைச் சற்றே எண்ணிப்பார்க்கலாம்.

இவற்றையெல்லாம் கண்டு, இன்பத்தை ஏவ முடியாதெனின் ஆசிரியர் விலகி நிற்பதே முறை, விரும்புவோர் வாசிக்கட்டும், விரும்பாதோர் விடட்டும் என முடிவுசெய்தல் கூடும். சுதந்திரத்தின் பெயராற் சொல்லப்படுவதால் இது உயர்ந்த கொள்கை போலத் தோன்றும். நூல் நிறைந்த இல்லத்திற் பிறந்தவனுக்கு அது உயர்ந்ததுதான். தந்தை வயலுக்கும் தாய் கூலிவேலைக்கும் செல்லும் இல்லத்தில், பாடநூலையன்றி வேறோர் ஆங்கில நூல் ஒருபோதும் நுழைந்திராத இல்லத்தில், ‘நீ விரும்பினால் வாசிக்கலாம்’ என்பதற்குப் பொருளேது? கண்டிராத ஒன்றை விரும்பவும் வெறுக்கவும் எவராலும் முடியாது. கந்தளாய் உழவர் இதனை நன்கு அறிவர். நெல்லைப் பார்த்து முளை என எவரும் ஏவுவதில்லை. அதுவாக முளைக்கும் என்று துருசைத் திறவாது விடுவதுமில்லை. வாய்க்கால் கடைமடை வரை துப்புரவாக இருக்கின்றதா, தண்ணீர் உரிய காலத்தில் வந்ததா என்பவற்றுக்கே கமக்காரரும் நீர்ப்பாசன உத்தியோகத்தரும் பொறுப்பு. முளைப்பது நெல்லின் காரியம். ஆசிரியரது பொறுப்பும் இவ்வாறே வரையறுக்கப்படல் வேண்டும். நூல், நேரம், அமைதி ஆகிய மூன்றையும் அளித்தல் அவர் கடன். இன்புறுவதும் இன்புறாதிருப்பதும் வாசிப்பவன் உரிமை.

நீர் விட்டால் முளைக்குமா என்பதற்குச் சான்றுகள் உள. 1980 இல் பீஜித் தீவுகளின் கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளில் வாரிக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்னும் ஆய்வாளர் இருவர் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். அங்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழியே; இல்லங்களில் ஆங்கில நூல்கள் அரிதாகவே இருந்தன. தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் படங்களோடு கூடிய 250 கதைநூல்கள் வழங்கப்பட்டன. சில வகுப்புகளில் ஆசிரியர் நூலை மாணவரோடு சேர்ந்து வாசித்து உரையாடினர். சிலவற்றில் நாள்தோறும் சிறிது நேரம் மாணவர் மௌனமாகத் தாம் விரும்பியதை வாசித்தனர். ஏனைய பாடசாலைகள் வழமையான வாக்கிய அமைப்புப் பயிற்சியையே தொடர்ந்தன. ஓராண்டின் முடிவில் நூல் பெற்ற மாணவரது வாசிப்புத் திறன் வழமையைப் போல ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தது. இரண்டாம் ஆண்டில் அவ்வளர்ச்சி எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பிற பாடங்களுக்கும் பரவியது. 1990 களின் நடுப்பகுதியில் இலங்கையிலும் சிறிய பாடசாலைகள் சிலவற்றில் இதனையொத்த முன்னோடித் திட்டமொன்று ஆங்கிலக் கதைநூல்களோடு நடத்தப்பட்டு நற்பயன் தந்தது.

இவை ஆரம்ப வகுப்புச் சிறுவர் பற்றியவை. பதினாறு வயதினருக்கு அவ்வாறே பொருந்தும் எனக் கொள்ளல் அவசரமாகும். மேல்வகுப்பினர் வேறொரு தடையை எதிர்நோக்குகின்றனர். அவர்களது மனம் முதிர்ந்துவிட்டது; அவர்களது ஆங்கிலம் முதிரவில்லை. அறிவுக்கேற்ற நூல் மொழியாற் கடினமாகின்றது. மொழிக்கேற்ற நூல் முயலும் ஆமையுமாகி நாணச் செய்கின்றது. இத்தடையை நம் துணைக்கண்டத்திலேயே முதன்முதலில் நன்குணர்ந்தவருள் ஒருவர் மைக்கல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியாற்றிய அவர், வங்காள மாணவனுக்கு ஆங்கிலத்தில் முதலில் வேண்டப்படுவது வாசிக்கும் ஆற்றலே என 1926 இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். குறைந்த சொற்றொகையிற் பெரிய கதைகளைச் சுருக்கித் தரும் படிமுறை நூல்கள் அவரது முயற்சியாற் பெருகின. மூலத்தைச் சிதைக்கும் வேலையென இவற்றை இகழ்வோர் உளர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைச் சார்ள்ஸ் லாமும் அவர் தமக்கையார் மேரி லாமும் 1807 இல் கதைகளாக எழுதியது ஆங்கிலேயரது சொந்தப் பிள்ளைகளுக்காகவே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இனி, கடினமான மறுப்பொன்று உண்டு. பதினோராந் தர மாணவனுக்கு ஆங்கிலப் பரீட்சையிற் கிடைக்கும் பெறுபேறு தொழிலுக்கும் மேற்படிப்புக்குமான வாயில். நகரத்துப் பிள்ளைக்குத் தனியார் வகுப்பு உண்டு, பெற்றோர் துணை உண்டு. வேறு ஏணியில்லாத கிராமத்துப் பிள்ளையின் பாட நேரத்திலிருந்து இருபது நிமிடங்களை எடுத்துக் கதை வாசிக்கச் சொல்லுதல் அவனுக்கு இழைக்கும் அநீதியாகாதா? இம்மறுப்பை எழுப்பும் ஆசிரியரைக் குறுகிய மனத்தினர் எனத் தள்ளிவிட முடியாது. மாணவன்பால் அவர் கொண்ட பரிவே அவரைப் பேசவைக்கின்றது. பீஜியின் அனுபவத்தைக் காட்டி, வாசிப்பினாற் புள்ளியும் உயரும் என அவருக்கு விடையிறுக்கலாம். அவ்விடை உண்மையானது, ஆயின் ஆபத்தானது. இன்பத்துக்காக வாசிப்பதன் நியாயம் புள்ளியில் தங்கியிருக்குமாயின், அது வேறு பெயரில் வந்த பரீட்சைப் பயிற்சியாகவே முடியும். அடுத்த ஆண்டு ஒரு மேலதிகாரி வந்து, புள்ளி உயர்ந்ததா என வினவுவார். உயரவில்லையெனின் அலுமாரி பூட்டப்படும்.

இவ்விடத்தில் நேர்மை பற்றிய வினாவும் எழுகின்றது. ‘இது உன் இன்பத்துக்காக’ எனக் கூறி நூலைக் கொடுக்கும் ஆசிரியர் தம் மனத்துள் அவனது ஆங்கில அறிவையே குறியாகக் கொண்டிருந்தால், அது மாணவனை ஏமாற்றுவதாகாதா? இனிப்பில் மருந்தைப் பொதிந்து கொடுத்தல் போன்றதே இது என்பர் சிலர். மருந்துண்ணும் குழந்தை இனிப்பை மட்டுமே அறியும். கொடுப்பவர் மருந்தை மட்டுமே மதிப்பர். அந்த உறவில் ஒரு பொய் இருக்கவே செய்கின்றது. தாய் சோறூட்டுவதோடு இதனை ஒப்பிடுவது பொருத்தமாகலாம். பிள்ளையின் உடல் வளரவேண்டும் என்றே அவள் ஊட்டுகின்றாள், சுவையாகவும் சமைக்கின்றாள். இரண்டில் எதுவும் மற்றதற்கு முகமூடியன்று. பிள்ளை மெலிந்தவாறே இருப்பினும் அவள் கறிக்கு உப்பிடுவதை நிறுத்தப்போவதில்லை. ஆசிரியரின் நேர்மையைச் சோதிப்பதற்கும் இதுவே உரைகல்லாகும். மாணவனின் புள்ளி ஒன்றேனும் உயரவில்லை, ஆயினும் அவன் நூலெடுத்து ஓரமாய்ச் சென்று அமர்கின்றான் என்றால், அந்நூலை அவன் கையில் விட்டுவைக்க ஆசிரியர் ஆயத்தமா? ஆயத்தமாயின் அவர் அவனை ஏமாற்றவில்லை. தன் வறுமையினின்று விடுபடக் கற்கும் பிள்ளைக்கு, விடுபட்டபின் வாழ்வதற்குரிய ஏதோவொன்றும் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டவராவார். கிராமத்துப் பிள்ளைக்குப் பயன்மட்டும் போதும், இன்பம் நகரத்தானுக்கு என்று பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரம் எவருக்கும் வழங்கப்படவில்லை.

எவ்வகை நூல் என்பது அடுத்த தகராறு. இன்பத்தையே அளவுகோலாக்கினால் மாணவர் துப்பறியும் கதைகளையும் சித்திரக்கதைகளையும் காதற்கதைகளையுமே நாடுவர் என அஞ்சப்படுகின்றது. மில் கூட இன்பங்களுள் உயர்ந்தன தாழ்ந்தன உண்டு என்றே கொண்டார். ஆனால் இரண்டையும் அனுபவித்து அறிந்தவரே இவற்றுள் எது உயர்ந்தது எனத் தீர்ப்பளிக்கத் தக்கவர் என்பதும் அவர் வாதமே. ஒன்றையும் அனுபவியாதவனுக்கு அத்தெரிவு கிடையாது. தமிழ் வாசகரின் வரலாறும் இதனையே காட்டும். பொன்னியின் செல்வனுக்காகக் கல்கி இதழை எதிர்பார்த்திருந்தோரும், அம்புலிமாமாவிலும், 1972 முதல் வந்த முத்து காமிக்ஸிலும் எழுத்துக்கூட்டியோரும் எத்தனையோ பேர். பெரியோரின் கண்ணுக்கு மறைத்துப் பாடநூலின் உள்ளே வைத்து வாசிக்கப்பட்ட அக்கதைகளே பின்னர் அவர்களுட் பலரைப் புதுமைப்பித்தனிடமும் ஜெயகாந்தனிடமும் கொண்டு சேர்த்தன. அவ்வாறு சேராதோரும் உண்டு. அவர்கள் வாசித்து மகிழ்ந்தது வீணாயிற்று எனக் கூறுதலும் தகாது. சிங்களமோ தமிழோ தாய்மொழியில் இவ்வாறு கள்ளமாய் வாசித்த அனுபவமுள்ள மாணவனே ஆங்கிலத்திலும் அதனைத் தேடுவான். அவ்வனுபவம் இல்லாதவனுக்கு ஆங்கில நூலிலிருந்து தொடங்குவது வீணுழைப்பு. முதலில் அவன் கையில் நல்ல தமிழ்க் கதையொன்றைக் கொடுப்பதே அறிவுடைமை.

மாணாக்கரை வகைப்படுத்திய நன்னூலாசிரியர் பவணந்தியார் அன்னத்தையும் பசுவையும் முதல் மாணாக்கருக்கும், மண்ணையும் கிளியையும் இடை மாணாக்கருக்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைக் கடை மாணாக்கருக்கும் உவமையாக்கினார். ஆடு செய்த குற்றம் யாதெனில், தழை நிறைந்த செடியொன்று முன்னே இருப்பினும் அதில் நின்று மேயாது செடிக்குச் செடி தாவி நுனி கடித்துச் செல்லுதல். பாடங்கேட்கும் மாணவனுக்கு அது குற்றமே. விரும்பி வாசிப்பவனுக்கு அதுவே இயல்பு. இரண்டு பக்கம் வாசித்து வேண்டாமென வைப்பான். நடுவிலே பத்துப் பக்கத்தைத் தாண்டுவான். முடிவை முதலிற் பார்ப்பான். பிடித்த ஒரு நூலையே மூன்றுமுறை வாசிப்பான். பிரெஞ்சு நாட்டுப் பாடசாலை ஆசிரியராக இருந்த டானியல் பெனாக் 1992 இல் இவற்றையெல்லாம் வாசகனின் உரிமைகளெனப் பட்டியலிட்டார். வாசியாதிருக்கும் உரிமையும் அப்பட்டியலில் உண்டு. நுனி கடித்து அலைந்த ஆடு என்றோ ஒருநாள் ஒரு செடியில் நின்றுவிடுவதுண்டு. பசு எனப் பெயர்பெற்ற மாணவன், கொடுத்த தீனியை மட்டும் அசைபோட்டு, பாடசாலையை விட்டதும் மேய்ச்சலையே மறந்துவிடுவதும் உண்டு. பவணந்தியார் இதனைக் கேட்டால் முகஞ்சுளிப்பாரோ சிரிப்பாரோ தெரியாது.

சோதியாது வாசித்தல் தமிழர் மரபுக்குப் புதிதன்று. கோயில்களிற் கந்தபுராணப் படிப்பு நிகழுங்கால் ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார்; மற்றொருவர் பயன் சொல்வார். கிழக்கிலங்கையின் கண்ணகி கோயில்களில் கண்ணகி வழக்குரை படிக்கப்படும். முஸ்லிம்களிடையே சீறாப்புராணம் ஓதிப் பொருள் கூறும் வழக்கம் இருந்துள்ளது. கேட்க வந்தோருட் சிலர் ஒவ்வொரு சொல்லையும் விளங்கிக்கொள்வர். சிலர் ஓசையில் இலயித்திருப்பர். முதியவரொருவர் தூணிற் சாய்ந்து கண்ணயர்வதும் உண்டு. முடிவில் எவரும் எழுந்து அவர்களிடம் வினாக் கேட்பதில்லை. ஆங்கில வகுப்பில் ஆசிரியர் நாளுக்குப் பத்து நிமிடம் ஒரு கதையை உரத்து வாசித்து, விறுவிறுப்பான இடத்தில் நிறுத்தி, ஒன்றுங் கேளாமல் நூலை மூடிவிட்டுச் செல்வாராயின் அது இம்மரபின் தொடர்ச்சியாகவே அமையும். அவ்வாறு வாசிப்பதற்கு அவரும் அக்கதையை விரும்பியிருத்தல் வேண்டும். தமக்கு இன்பந் தந்தது பிறருக்கும் இன்பந் தருவதைக் கண்டு கற்றோர் மேலும் அதனை விழைவர் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. ஆங்கிலத்தைத் தாமும் வாளாகவே அறிந்து, பரீட்சைக்காகவே கற்று ஆசிரியரானோர் பலர். மாணவரை வாசிக்கத் தூண்டும் முன்னர் அவர்கள் தமக்கென ஒரு கதைநூலைத் தேடிக்கொள்ளலாம். அதிலே வெட்கப்பட ஏதுமில்லை.

சிங்கள மொழிப் பாடசாலைக்கும் தமிழ் மொழிப் பாடசாலைக்கும் செல்லும் கந்தளாய்ப் பிள்ளைகள் ஒரே பேருந்தில் ஏறுகின்றனர். ஒருவர் வாசித்த கதையை மற்றவர் வாசித்திரார். படிமுறை நூலாயினும் ரொபின்சன் குரூசோவை இருசாராரும் வாசித்திருப்பின், அதுபற்றிச் சிங்களத்திலோ தமிழிலோ தடுமாறியேனும் பேசிக்கொள்வதற்கு ஒரு தீவு கிடைத்திருக்கும். இணைப்பு மொழி என்ற சட்டத் தொடருக்கு அப்போது ஓரளவேனும் பொருளுண்டாகும். இதனையும் திட்டமாக்கி விழாவெடுத்தால் கெட்டுவிடும் என்பது வேறு.

இவற்றுக்கெல்லாம் குறுக்கே நிற்பது பெரும்பாலும் ஒரு பூட்டு. நூலேயில்லாத பாடசாலைகளிலும் நூலைப் பூட்டிவைத்த பாடசாலைகள் மனத்தை அதிகம் வருத்துவன. அதற்கு ஆசிரியரை மட்டும் நோதல் ஆகாது. வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் நூலொன்று குறைந்தால் பொறுப்பாயிருந்தவர் விடையிறுக்கவேண்டும். கிழிந்த நூல் இழப்பாக எழுதப்படும். வாசிக்கப்படாத நூல் இருப்பாக எழுதப்படும். வாசிப்பை வளர்க்க விரும்பும் நிருவாகம், நூல்களிற் சில கிழியவும் சில திரும்பாதிருக்கவும் முன்கூட்டியே இசைந்து, அவ்விழப்பை ஆசிரியரது கணக்கில் எழுதாதிருத்தல் வேண்டும். சாவி மேசை இழுப்பறையிலிருந்து கதவுக்கு வருவது அதன் பின்னரே.

அத்தகைய பாடசாலை ஒன்றில், நெல்லறுவடைக் காலத்தில் ஒரு வாரம் வராதிருந்த மாணவியொருத்தி, எடுத்துச் சென்ற நூலை முப்பதாம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு திரும்புகின்றாள் எனக் கொள்வோம். அட்டையிற் சேற்றுக் கறை. ‘முடிக்கவில்லை, ரீச்சர்’ என்கின்றாள். வினாவை எதிர்பார்த்து நிற்கின்றாள். ஆசிரியை கறையைப் பார்க்கின்றார். நூலை வாங்கி மேசைமேல் வைக்கின்றார். பின்னர் அலுமாரிக் கதவை அகலத் திறந்துவிட்டு, தாம் பாதியில் நிறுத்தியிருந்த நூலை எடுத்துக்கொண்டு யன்னலோரம் சென்று அமர்கின்றார்.